வாதத் திறமையும் நெருப்புத் துண்டும்

 



ஒரு பழைய வாரிசுச் சொத்தின் காரணமாகப் பிணங்கிக்கொண்ட இருவர் பெருமானார் (ஸல்) அவர்களின் சமுகத்துக்கு வந்தனர். இருவரிடமும் சாட்சி இல்லை; வாய்ப்பேச்சு மாத்திரமே இருந்தது. அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அந்த நிகழ்வை அறிவிக்கிறார்கள். தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரை விட வாதத்தில் வல்லவராக இருக்கக்கூடும் என்றும், தாம் செவியுற்றதைக் கொண்டு தீர்ப்பளிப்பதால் ஒருவருடைய உரிமை மற்றவருக்குப் போய்விட்டால் அது அவருக்கு வெட்டிக் கொடுக்கப்பட்ட நெருப்புத் துண்டாகும் என்றும் பெருமானார் எச்சரித்தார்கள். இக்கருத்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அபூதாவூதின் அறிவிப்பு மேலும் ஒரு விடயத்தைச் சொல்கிறது. அதைக் கேட்டவுடன் அவ்விருவரும் அழுதனர். என் பங்கு உமக்கே ஆகட்டும் என்று ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தனர்.

இங்கே நீதிபதி யார்? அல்லாஹ்வின் தூதர். அவர்களுடைய சபையிலேயே ஒரு நாவன்மை மிக்கவன் தவறான தீர்ப்பொன்றைப் பெற்றுச் செல்ல முடியும் என்றால், புதுக்கடை நீதிமன்றங்களில் அது நடவாது என்று யார் உறுதி கூற முடியும்? தீர்ப்பு ஒருவருக்குச் சாதகமாகக் கிடைத்துவிட்டது என்பதால் அந்தப் பொருள் அவருக்கு ஹலாலாகிவிடுவதில்லை. இந்த ஒரு ஹதீஸை வைத்துக்கொண்டு சட்டத்தரணிகள், நொத்தாரிசுகள், நிறுவனங்களில் பொறுப்பு வகிப்போர் ஆகியோரின் தொழில் ஒழுக்கத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர்களை நாடிச் செல்லும் நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்களுக்குப் புதுக்கடை அயல் ஊர். காலையில் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் தொங்கவிட்டபடி விரைந்து நடக்கும் இளைஞர்களை நாள்தோறும் காணலாம். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகள் பலவற்றில் சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். தம் பிள்ளையின் பெயரும் அப்படியொரு பலகையில் வர வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் குறைவு. அந்த ஆசையில் தவறேதும் இல்லை. இலங்கைச் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் சட்டத்தொழிலில் ஈடுபட்டிருந்தார்கள். அத்தொழிலில் ஈட்டிய செல்வாக்கை அன்னார் எங்கே செலவிட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகை வெளிவந்தது. 1892இல் மருதானையில் அரபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோருடன் சேர்ந்து எழுப்பிய மத்ரஸாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று.

மற்றொரு நிகழ்வும் நம் வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டியதாகும். 1905ஆம் ஆண்டில் எம்.சி. அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணி துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதற்கு ஆட்சேபம் கிளம்பியது. தொப்பியுடன் வழக்காட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கொழும்பு முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் பெருங்கூட்டம் ஒன்று கூடிற்று. பம்பாயிலிருந்து மௌலவி ரபீயுத்தீன் அஹ்மத் என்ற சட்ட அறிஞர் அழைத்து வரப்பட்டார். அந்த உரிமை பின்னர் கிடைத்தது. தலையிலுள்ள தொப்பிக்காக ஒரு சமுதாயமே திரண்டது. அத்தொப்பிக்குக் கீழேயுள்ள நாவு உண்மை பேசுகிறதா என்று கேட்பதற்கு நாம் என்றாவது கூட்டம் கூடியிருக்கிறோமா?

இனி, வாலிபர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். குற்றவாளிக்காக வாதாடுவது ஹராம் அல்லவா, அப்படியிருக்க ஒரு முஸ்லிம் சட்டத்தரணியாகலாமா என்று கேட்கிறார்கள்.

அறபுக் கல்லூரியில் நாங்கள் ஓதும் ஃபிக்ஹு நூல்களில் 'வகாலத்' என்றொரு பாடம் உண்டு. ஒருவர் தம் அலுவலை மற்றொருவரிடம் ஒப்படைப்பது பற்றிய சட்டங்கள் அதில் அடங்கியுள்ளன. தமிழ்நாட்டார் சட்டத்தரணியை வக்கீல் என்று அழைப்பது அந்த அறபுச் சொல்லைத்தான். வழக்காடுவதற்கு ஒருவரை வகீலாக நியமிக்கலாம் என்பதற்கு இமாம்கள் அலீ (ரழி) அவர்களின் செயலை ஆதாரம் காட்டுகிறார்கள். வழக்காடுமிடம் அபாயங்கள் நிறைந்த இடம் என்று கருதிய அவர்கள், தமக்குரிய வழக்குகளைத் தம் சகோதரர் அகீல் (ரழி) அவர்களிடமும், பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) அவர்களிடமும் ஒப்படைத்தார்கள். ஆகவே தொழில் ஆகுமானது. வகீலின் கை அமானிதத்தின் கையாகும். கட்சிக்காரர் ஒப்படைத்த பணமும், பத்திரமும், இரகசியமும் அவரிடம் அமானிதமாகவே இருக்கின்றன.

குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. இதை நம் சமுதாயம் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் ஏனைய இடங்களிலும் நடந்த கொடூரத்தின் பின்னர், அதனுடன் எவ்விதத் தொடர்பும் அற்ற எத்தனையோ வாலிபர்கள் கைதானார்கள். அவர்களின் பெற்றோர் சட்டத்தரணிகளைத் தேடி அலைந்தார்கள். மறு வருடம் ஏப்ரலில் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் என்ற சட்டத்தரணியே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2022 பெப்ரவரியில் பிணை கிடைக்கும் வரை ஏறக்குறைய இருபத்திரண்டு மாதங்கள் அவர் தடுப்பிலும் விளக்கமறியலிலும் இருந்தார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமான சட்டத்தரணிகள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். வாதாடுவதற்கு ஆள் கிடைப்பது எத்துணை பெரிய நிஃமத் என்று அப்போது விளங்கிற்று.

எனவே, ஒருவரின் சார்பில் நின்று அரசு தரப்பை நோக்கி உங்கள் சாட்சியத்தை நிரூபியுங்கள் என்று கேட்பது நீதிக்குச் செய்யும் உதவியே. பொய்ச் சாட்சியைத் தயார் செய்வதும், தான் பொய்யென்று அறிந்ததை நீதிபதியின் முன் உண்மையாக வைப்பதும் மோசடி. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. அரசியலமைப்பின் 136ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் 1988இல் ஆக்கிய சட்டத்தரணிகளின் நடத்தை பற்றிய விதிகள், நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்பதுடன் நிற்கவில்லை. தம் கட்சிக்காரர் அவ்வாறு செய்வதற்கு இடமளிக்கவும் கூடாது என்று விதிக்கின்றன.

கண்ணியத்திற்குரிய நேயர்களே, நீதிமன்றத்தில் நடக்கும் அநியாயத்தைப் பலர் பார்க்கிறார்கள். அங்கே நீதிபதி இருக்கிறார், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இருக்கிறார். யாரும் பார்க்காத அநியாயம் ஒரு சிறிய அறையில், ஒரு மேசையின் முன்னால், பேனையின் முனையில் நடந்துவிடுகிறது.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் முதிய உம்மா ஒருவர் ஒரு நாள் ஜும்ஆவுக்குப் பின்னர் தம் பேரனுடன் பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பொலித்தீன் பையிலிருந்து மூன்று கடதாசிகளை எடுத்து, “மௌலவி, இதில என்ன எழுதியிருக்கு என்று கொஞ்சம் பாருங்க” என்றார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக ஒரு வர்த்தகரிடம் பணம் கேட்டிருக்கிறார். அந்த வர்த்தகர் தொழுகையாளி. வட்டி ஹராம், வட்டி எனக்கு வேண்டாம் என்று கூறிவிட்டு, உத்தரவாதத்துக்காக வீட்டை எழுதித் தருமாறும், பணத்தைத் திருப்பித் தந்தவுடன் வீட்டைத் திருப்பி எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒரு நொத்தாரிசிடம் போயிருக்கிறார்கள். உறுதி ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. யாரும் வாசித்துக் காட்டவில்லை. “இதில ஒரு சைன் போடுங்க உம்மா” என்று விரலால் காட்டிய இடத்தில் அவர் ஒப்பமிட்டார். அந்த அலுவலகத்தில் தேநீர் கொண்டுவந்து வைத்த பையனும் எழுதுவினைஞரும் சாட்சிகளாக ஒப்பமிட்டார்கள்.

அது ஈட்டு உறுதி அன்று. அறுதி உறுதி. கடனாகப் பெற்ற தொகையே விற்பனை விலையாக அதில் எழுதப்பட்டிருந்தது. கொழும்பில் அந்தப் பணத்துக்கு ஓர் அறையைக்கூட வாங்க இயலாது. தவணை தவறியதும், என் வீட்டை விட்டு வெளியேறவும் என்று வர்த்தகரின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அந்தக் கடிதமும் பைக்குள் இருந்தது.

இது அந்த ஒரு வீட்டில் மாத்திரம் நடந்த கதை என்று யாரும் எண்ண வேண்டாம். கடனுக்கு அறுதி உறுதி எழுதி வாங்குவது இந்நாட்டில் எல்லாச் சமுதாயத்தாரிடமும் உள்ள வழக்கம். நம்மிடத்தில் மாத்திரம் அதற்கு மார்க்கத்தின் போர்வையும் கிடைத்துவிடுகிறது. அதுதான் என்னை அதிகம் வேதனைப்படுத்துகிறது. வட்டியாக மாதம் சில ஆயிரம் ரூபாய் வாங்க அஞ்சியவர், முழு வீட்டையும் வாங்க அஞ்சவில்லை.

மார்க்கத்தில் வழி இல்லாமலா இப்படிச் செய்தார்? அடைமானம் இருக்கிறதே! பெருமானார் (ஸல்) அவர்கள் தம் போர்க் கவசத்தை ஒரு யூதரிடம் அடைமானம் வைத்து வாற்கோதுமை பெற்றார்கள். அவர்கள் வஃபாத்தான வேளையிலும் அது மீட்கப்படாமலே இருந்தது. அந்த யூதர் அதைத் தமக்கு விற்கப்பட்ட பொருள் என்று சொல்லவில்லை. கவசம் கவசமாகவும், கடன் கடனாகவும் இருந்தது. வட்டியில்லாத ஈட்டு உறுதி ஒன்றை எழுதியிருந்தால் வர்த்தகரின் பணத்துக்கும் பாதுகாப்பு இருந்திருக்கும், உம்மாவின் வீட்டுக்கும் பாதுகாப்பு இருந்திருக்கும். திருப்பி வாங்கும் நிபந்தனையுடன் செய்யப்படும் 'பைஉல் வஃபா' என்ற வியாபாரத்தைப் பற்றி இமாம்களிடையே நீண்ட விவாதம் உண்டு என்பதை ஆலிம்கள் அறிவார்கள். அந்த விவாதத்தை இங்கே கொண்டுவருவதில் பயனில்லை. அங்கே நிபந்தனை வெளிப்படையாகப் பேசப்படுகிறது. இங்கே உறுதியின் எந்த வரியிலும் நிபந்தனை இல்லை.

இப்போது நொத்தாரிசிடம் வருவோம். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி கைமாறும் உறுதி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையாகி இருக்க ஒப்பமிடப்பட வேண்டும் என்கிறது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் ஒப்பமிடுபவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டும் என்கிறது. ஒப்பமிடுபவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும், இல்லையேல் சாட்சிகளாவது அறிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை மறு மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இவையெல்லாம் வெறும் சடங்குகள் என்று நினைக்கும் நொத்தாரிசுகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எங்கோ ஒரு விதவையின் கண்ணீர் இருக்கிறது. வாசித்து விளக்கும் ஐந்து நிமிடத்தில் அந்த உம்மா, “என்ன மகன், விற்றதாகவா எழுதியிருக்கு?” என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி எழக் கூடாது என்பதற்காகத்தானே வாசிக்கப்படவில்லை?

தேநீர் கொண்டுவந்த பையனும் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியாது. தாம் அறியாத ஒருவரை அறிவேன் என்று ஒப்பமிடுவதும் பொய்ச் சாட்சியே. பெரும் பாவங்களைப் பற்றிப் பெருமானார் பேசியபோது, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்து பொய்ச் சாட்சியைத் திரும்பத் திரும்பக் கூறி எச்சரித்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் கற்றிருக்கிறார்கள். நாள் கூலிக்காக மாதத்தில் முப்பது உறுதிகளுக்குச் சாட்சி ஒப்பம் இடும் வாலிபரிடம் அந்த ஹதீஸை யாராவது நினைவூட்டியிருக்கிறார்களா?

இவ்வாறு ஏமாந்தவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, உரிமையாளர் தம் சொத்தின் பயனை உண்மையில் கைவிட எண்ணவில்லை என்று சூழ்நிலைகள் காட்டுமானால், உறுதி யார் பெயரில் இருந்தாலும் அவர் அதை உரிமையாளருக்காகவே வைத்திருக்கிறார் என்று கொள்கிறது. எழுதப்பட்ட விலை பெறுமதிக்கு மிகக் குறைவா, எழுதிக் கொடுத்த பின்னரும் அங்கே குடியிருந்தவர் யார், நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரைச் செலவையும் செலுத்தியவர் யார் என்றெல்லாம் நீதிமன்றங்கள் நோக்குகின்றன. ஆகையால் ஆதன வரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், பணம் கொடுத்த துண்டு எதையும் வீசிவிடாதீர்கள். அந்த உம்மாவின் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. அதன் முடிவைப் பற்றி நான் பேசுவது முறையன்று.

சட்டத்தரணிகளையும் நொத்தாரிசுகளையும் இவ்வளவு கண்டித்த பின்னர், நம் பக்கத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும். “அவர் நேர்மையானவர்தான், ஆனால் கேஸ் வெல்ல மாட்டார்” என்று நாம் சொல்வதில்லையா? கெட்டிக்காரர் ஒருவரைத் தேடுகிறோம். கெட்டிக்காரர் என்றால் என்ன பொருளில் சொல்கிறோம் என்பது நம் உள்ளத்துக்குத் தெரியும். வழக்கை ஒத்திவைப்பதற்காக நோயில்லாதவருக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்குபவர் யார்? சகோதரிக்குரிய பங்கைக் கொடாமல் இருப்பதற்காக, வாப்பா உயிரோடிருந்தபோதே எனக்கு எழுதிவிட்டார் என்று பழைய திகதியில் ஒரு நன்கொடை உறுதி கிடைக்குமா என்று விசாரிப்பவர் யார்? வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் பெயரில் போலி அற்றோணித் தத்துவம் செய்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டை விற்க ஒருவன் துணிந்தால், விலை மலிவாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வருபவர் யார்? வாங்குபவர் இல்லாத சந்தையில் பொய் விற்காது. ஒரு வாலிபர் நேர்மையாகத் தொழில் செய்யத் தொடங்கிய முதல் வருடத்தில் அவரிடம் ஒரு வழக்கும் வராமல் செய்துவிட்டு, பிறகு சட்டத்தரணிகள் எல்லாரும் இப்படித்தான் என்று நாம் குறைபடுகிறோம்.

நிறுவனங்களின் நிலை இன்னும் கடினமானது. தனி மனிதன் தவறு செய்தால் அவனுக்கு ஒரு முகம் இருக்கிறது. நிறுவனம் தவறு செய்யும்போது ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுகிறார்கள். எழுதுவினைஞர் முகாமையாளரைக் காட்டுவார், முகாமையாளர் சட்ட ஆலோசகரைக் காட்டுவார், சட்ட ஆலோசகர் எனக்குக் கிடைத்த அறிவுறுத்தல் இது என்பார். இதற்கும் அல்குர்ஆனில் ஒரு நிகழ்வு இருக்கிறது.

மதீனாவில் அன்ஸாரிகளின் பனூ ழஃபர் கிளையைச் சேர்ந்த துஃமா இப்னு உபைரிக் என்பவர் அண்டை வீட்டிலிருந்து ஒரு கவசத்தைத் திருடினார். தப்ஸீர் நூல்களில் இதற்குப் பல அறிவிப்புகள் உள்ளன. பரவலான ஒன்றின்படி கவசம் மாவுப் பைக்குள் இருந்தது, பையின் ஓட்டை வழியே மா சிந்தி வீதியில் தடம் பதிந்தது. அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சியவர் அதை ஒரு யூதரின் வீட்டில் வைத்துவிட்டார். பழி அந்த யூதரின் மீது விழுந்தது. துஃமாவின் கூட்டத்தார் ஒன்று சேர்ந்து, எங்கள் ஆள் நிரபராதி என்று வாதாடப் பெருமானாரிடம் வந்தார்கள். நம் குலத்தின் மானம் போய்விடக் கூடாதே என்பது அவர்களின் எண்ணம். அப்போதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் தொடக்கமான வசனங்கள் அருளப்பட்டன. மோசடிக்காரருக்காக வாதாடுபவராக இருக்கலாகாது என்ற கட்டளை அங்கே வருகிறது. முஸ்லிமுக்கு எதிராகவும், பழி சுமத்தப்பட்ட யூதருக்குச் சாதகமாகவும் வானத்திலிருந்து தீர்ப்பு வந்தது. 109ஆம் வசனத்தை ஓதும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். இம்மையில் அவர்களுக்காக நீங்கள் வாதாடினீர்கள், மறுமை நாளில் அவர்களுக்காக வாதாடுபவர் யார், அவர்களின் பொறுப்பேற்பவர் யார் என்ற பொருளில் அது கேட்கிறது. அங்கே வரும் சொல் 'வகீல்' என்பதே.

கூட்டத்தின் மானத்தைக் காப்பதற்காக ஏழை ஒருவன் மீது பழியைப் போடும் இந்த நோய் நம் காலத்தில் எவ்வளவு பெரிய உருவம் எடுக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் தபால் நிறுவனம் சாட்சி. 1999 தொடக்கம் அந்நிறுவனம் தன் கிளைத் தபாலகங்களில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைப் புகுத்தியது. அதனை அமைத்தது பியுஜிட்சு நிறுவனம். கணினியில் இருந்த கோளாற்றினால் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. நிறுவனம் கணினியைச் சந்தேகிக்கவில்லை. உப தபாலதிபர்களைத் திருடர்கள் என்றது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கூறியது. அவர்களில் தெற்காசியாவிலிருந்து குடியேறிய கடைக்காரர்களும் பலர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். கருவுற்றிருந்த ஒரு பெண் 2010இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

இதில் சட்டத்தரணிகளின் பங்கு என்ன? வழக்குகளில் பெரும்பாலானவற்றைத் தொடுத்தது பொலிஸார் அல்லர், தபால் நிறுவனத்தின் சொந்தச் சட்டப் பிரிவே தொடுத்தது. 2013இல் சைமன் கிளார்க் என்ற சட்டத்தரணி, நிறுவனத்தின் சார்பில் சாட்சி கூறிய நிபுணர் கணினியின் குறைகளை நீதிமன்றங்களுக்கு வெளிப்படுத்தவில்லை என்று எழுத்தில் எச்சரித்தார். ஓர் ஆலோசகர் தம் கடமையைச் செய்தார். ஆனால் அந்த எச்சரிக்கை ஆண்டுக்கணக்காகப் பாதிக்கப்பட்டவர்களின் கைக்கு எட்டவில்லை. அலன் பேட்ஸ் என்ற உப தபாலதிபரின் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் வழக்காடி 2019இல் வென்ற பிறகே உண்மை வெளிவந்தது. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி ஏனையோரையும் விடுவித்தது. அந்த நிறுவனத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டு, நமக்கேன் இந்த வம்பு என்று இருந்துவிட்டவர்களே அதிகம்.

தூரத்து ஊரைப் பேசிவிட்டு நம் மஹல்லாவை விட்டுவிடலாகாது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் கணக்கு வைக்க வேண்டும், ஒப்புவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் வக்பு சபையும் வக்பு நியாய சபையும் இருக்கின்றன. ஆனால் கணக்கில் ஐயம் கேட்ட வாலிபருக்குச் சில இடங்களில் கிடைக்கும் பதில், பள்ளிவாசலின் மானத்தை வாங்காதே என்பதுதான். பனூ ழஃபர் கூட்டத்தார் சொன்னதும் இதுவே அல்லவா? தனியார் நிறுவனங்களில் பணியாற்றும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் வாங்கப்படும் கையூட்டையும் குற்றமாக்கியிருக்கிறது. கேள்வி மனுவை நமக்குச் சாதகமாக்குவதற்காகக் கொள்வனவு அதிகாரியின் வீட்டுக்கு அனுப்பும் பெருநாள் அன்பளிப்பு, அன்பளிப்பு என்ற பெயரால் மட்டும் தூய்மையாகிவிடாது.

தவறு செய்த சட்டத்தரணியைத் தட்டிக் கேட்க வழியே இல்லை என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி ஏமாற்று, தொழில் முறைகேடு, குற்றம் ஆகியவற்றில் ஈடுபட்ட சட்டத்தரணியை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் கூடி இடைநிறுத்தலாம், அன்றேல் சட்டத்தரணிகளின் பெயரேட்டிலிருந்தே நீக்கலாம். முறைப்பாட்டைச் சத்தியக் கடதாசியுடன் பிரதம நீதியரசருக்கு அனுப்பலாம். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்திடமும் முறையிடலாம். ஆனால் சத்தியக் கடதாசி என்பது சத்தியம். வழக்கில் தோற்றுவிட்ட கோபத்தில், தன் சட்டத்தரணி எதிர்த்தரப்பிடம் விலைபோய்விட்டார் என்று எழுதி அனுப்புபவர்களும் உண்டு. தோல்வி வேறு, துரோகம் வேறு. கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு, கடிதங்களின் பிரதிகள், தவணைத் திகதிகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

சட்டக் கல்லூரியில் கற்கும் மகனே, மகளே, தொழிலின் முதல் சில ஆண்டுகளில் கையில் வருமானம் இராது. மூத்த சட்டத்தரணியின் கோவைகளைச் சுமந்து திரிவாய். பஸ்ஸுக்குக் கொடுக்கவும் காசிராத நாளில் ஒருவர் வந்து, இந்த ஒப்பத்தை மட்டும் இட்டுவிடுங்கள் என்று உறையொன்றை மேசையில் வைப்பார். அந்த நாளைப் பற்றி இன்றே உன் பெற்றோரிடம் பேசிவிடு. பெற்றோரே, நீங்களும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: வீடு கட்டுவது இரண்டு வருடம் தாமதித்தாலும் பரவாயில்லை, அந்த உறையை நீ திருப்பிக் கொடுத்தால் நாங்கள் உன்னைக் குறைகூற மாட்டோம் என்று. வீட்டில் அந்தச் சொல் கிடைக்காத பிள்ளைக்கு, 1988ஆம் ஆண்டின் விதிகளில் எத்தனை பக்கங்கள் இருந்தும் பயனில்லை.

காதி நீதிமன்றத்தில் ஏன் சட்டத்தரணிகள் தோன்ற முடிவதில்லை என்று நேயர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. அதனால் காதியின் மீது ஏறும் சுமை எத்தகையது, வாய் பேச அஞ்சும் ஒரு பெண் அங்கே தன் வழக்கை எவ்வாறு எடுத்துரைப்பாள் என்பவற்றை, இன்ஷா அல்லாஹ், அடுத்த உரையில் தனியாகப் பார்ப்போம்.